தீக்குச்சியின் நாலாவது அடி

என் அக்கா வேலை பார்த்த இடத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். அவள் அந்த விளையாட்டை அவ்வளவு வெறியோடு ஆடியது ஒரு நாற்காலிக்காகத்தான்.

அது ஒரு பார்சல் கிடங்கு. லாரியில் வரும் பெட்டிகளை இறக்கி பெல்ட்டில் ஏற்றுவார்கள். பெல்ட்டில் போகும்போதே ஸ்கேன் செய்து, ஊர் வாரியாகப் பிரித்து, மூட்டை கட்டி, வேறு லாரியில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிரந்தர ஆள் உண்டு. அந்த ஆள் சாப்பிடப் போனாலும், கழிப்பறைக்குப் போனாலும், காய்ச்சல் என்று வராமலே போனாலும் பெல்ட் மட்டும் நிற்கக் கூடாது. அந்த நேரத்தில் ஓடிப் போய் அந்த இடத்தில் நிற்பவருக்கு ரிலீவர் என்று பெயர். மற்ற எல்லோருக்கும் ஆரஞ்சு ஜாக்கெட், ரிலீவருக்குப் பச்சை. கூட்டத்தில் சட்டென்று கண்ணில் பட்டுக் கூப்பிட வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காக.

அக்காவுக்கு அங்கே பம்பரம் என்று பெயர். காலை ஆறு மணிக்கு அன்லோடிங், ஏழுக்கு ஸ்கேனிங், ஏழரைக்கு மூட்டை, மறுபடி அன்லோடிங் என்று மதியம் இரண்டு மணி வரைக்கும் சுற்றிக்கொண்டே இருப்பாள். எந்த வேலையைக் கொடுத்தாலும் அந்த இடத்து ஆளைவிட வேகமாகச் செய்வாள். ஸ்கேனிங்கில் மட்டும் ஒரு ஸ்டூல் உண்டு. ஸ்கேனிங்காரர் சாப்பிடப் போகும்போது அதையும் கையோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"ஏண்ணே, ஸ்டூலுக்கும் பசிக்குதா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாளாம்.

"இங்க வச்சுட்டுப் போனா நாளைக்கு இதுக்கும் ஒரு ரிலீவரைப் போட்டுடுவாங்கம்மா" என்றாராம் அவர்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அக்கா அப்படிச் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு அப்போது பிடித்திருந்தது. அதில் இருந்த வலி பிறகுதான் புரிந்தது. அவள் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான் இருந்தாள். ஏழு வருஷம்.

நிரந்தர இடம் கேட்டு மூன்று தடவை சூப்பர்வைசரிடம் போனாள். "ஒரே இடமா குடுங்க சார். ஸ்கேனிங் குடுத்தாக்கூடப் போதும்."

"உன்னை ஒரு இடத்துல உக்கார வச்சுட்டா மத்த இடத்துக்கெல்லாம் நான் எங்கம்மா போவேன்? எல்லாம் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதான் இருக்க" என்று அவர் மூன்று தடவையும் சொன்னார். பாராட்டுகிறோம் என்றுதான் அவர் உண்மையாகவே நினைத்தார். எல்லாம் தெரிந்ததால்தான் அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

விளையாட்டு அவள் வாழ்க்கைக்குள் வந்தது கிடங்கு வழியாகத்தான். வேலையை விட்டுப் போன ஒருத்தி, மூலை உடைந்த கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றை அக்காவிடம் தந்துவிட்டுப் போனாள். உடைந்த மூலையை அக்கா ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் கவிழ்த்துப் போட்ட கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து, ஒரு கையில் சாப்பாடும் மறு கையில் அதுவுமாக ஆடுவாள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆளுக்கு ஆறு மிருகங்கள். களத்தில் ஆளுக்கு ஒன்று நிற்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், அடுத்தவருக்குத் தெரியாமல், என்ன செய்யப் போகிறோம் என்று அழுத்த வேண்டும். அடிக்கலாம். இல்லாவிட்டால் நிற்கிற மிருகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வேறொன்றை அனுப்பலாம். அனுப்பினால், வருகிற அடியைப் புதிதாகக் களத்துக்கு வந்ததுதான் வாங்கும். இரண்டு பேருமே அடித்தால், எந்த மிருகத்துக்கு வேகம் அதிகமோ அது முந்திக்கொள்ளும். ஒவ்வொரு மிருகத்துக்கும் நாலே நாலு அடிதான் சொல்லிக்கொடுக்கலாம். யார் என்ன நாலு வைத்திருக்கிறார்கள் என்பது களத்தில் பார்க்கும்வரை தெரியாது. கை வேகம் இதில் செல்லாது. எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பதை ஊகிப்பதுதான் முழு ஆட்டமும்.

அக்காவிடம் ஒரு மிருகம் இருந்தது. ஒல்லியாக, நீண்ட காலோடு, தலையில் மட்டும் நெருப்போடு இருக்கும். அதற்குத் தீக்குச்சி என்று பெயர் வைத்திருந்தாள். வேகத்தில் அதை மிஞ்ச ஒன்றிரண்டுதான் உண்டு. அதே நேரம், எதிரி சும்மா தட்டினாலே விழுந்துவிடும். அது இரண்டு விதமாகவும் அடிக்கக்கூடியது. தள்ளி நின்று தீயை வீசலாம், கிட்டே போய்க் காலால் உதைக்கலாம். ஆனால் ஆடுகிறவர்கள் எல்லோரும் அதைத் தீக்கு மட்டும்தான் பழக்குவார்கள். தீதான் பலம் என்று எல்லோருக்கும் ஒரு முடிவு. அதனால் தீக்குச்சி எதிரே வந்தால் எல்லோரும் அனுப்புவது ஒன்றைத்தான்: கல்லாமை என்கிற ஆமை. கல் ஓடு. தீ அதை ஒன்றும் செய்யாது.

"எல்லாரும் ஒரே கதவைப் பூட்டுறாங்கடா" என்றாள் அக்கா. "நான் இன்னொரு கதவு வழியா போறேன்."

தீக்குச்சியின் நாலாவது அடியாக உதையை வைத்தாள். கல்லாமையை ஒரே உதையில் உடைக்கிற உதை. மிருகத்துக்குக் கொடுக்கிற பயிற்சிப் புள்ளிகள் அளவானவைதான். ஆகவே காலுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் வேறெங்காவது எடுக்க வேண்டும். கிடங்கில் தப்பாக அச்சாகித் தூக்கிப் போடும் விலாச லேபிள்களை வீட்டுக்கு எடுத்துவந்து, அதன் பின்பக்கம் இரண்டு வாரம் கணக்குப் போட்டாள். தீயிலிருந்து எதுவரை எடுத்தால் இன்னும் ஒரே வீச்சில் புகைப்பேய் என்ற இன்னொரு மிருகத்தை எரிக்க முடியும், அந்தக் கடைசிப் புள்ளி எது என்று கண்டுபிடித்தாள். வேகத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

"கொஞ்சம் வேகத்துல எடுத்து உடம்புக்குக் குடுக்கலாம்ல? பாவம், தொட்டா சாகுது" என்றேன்.

"வேகத்துல ஒரு புள்ளி குறைஞ்சாக்கூட எவனாவது முந்திப்பான். முந்திட்டான்னா உடம்பு இருந்தும் என்ன பிரயோசனம்?"

லேபிள்களைப் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். எது எதைவிட வேகம் என்ற பட்டியல். அம்மா வீட்டிலேயே தலையணை உறை தைப்பவள். மிஷினை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து, "சுவர் பூரா விலாசமா ஒட்டி வச்சிருக்கா. தபால்காரர் பார்த்தா இங்கயே குடியேறிடுவார்" என்றாள்.

இதற்கிடையில் அக்காவின் இடுப்பில் வலி தொடங்கியது. இடது பக்கம் ஆரம்பித்து தொடை வழியாகக் கணுக்கால்வரை கம்பி இழுத்த மாதிரி இறங்கும். டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்: "என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாள்.

"உக்காந்து பாக்கற வேலையா ஒண்ணு தேடிக்குங்க. இனிமே வெயிட் தூக்கினா இந்தக் கால் உங்க பேச்சைக் கேக்காது."

டாக்டர் அப்படி எழுதிக் கொடுத்த சீட்டை அக்கா நாலாக மடித்துத் துணிகளுக்கு அடியில் வைத்தாள். கிடங்கில் காட்டவில்லை. முதுகு போன ரிலீவரை வைத்துக்கொள்ள மாட்டார்கள், அதற்கு முந்திய வருஷம் ஒருத்தியை அப்படித்தான் அனுப்பியிருந்தார்கள். அம்மாவிடமும் சொல்லவில்லை. என்னிடம், "வாயைத் திறந்த, அவ்வளவுதான்" என்றாள். நான் திறக்கவில்லை. திறக்க வேண்டியதைத் திறக்காமலும் திறக்கக் கூடாததைத் திறந்தும் நான் செய்ததுதான் இந்தக் கதை.

அந்த விளையாட்டைத் தயாரிக்கிற நிறுவனம் வட்டாரப் போட்டி ஒன்றை அறிவித்தது. கடைசியில் மிஞ்சும் இரண்டு பேருக்கு வேலை. புது மிருகங்களை வெளியிடுவதற்கு முன்னால் அவற்றை ஆடிப் பார்த்து, எது அளவுக்கு மீறிப் பலமாக இருக்கிறது, எது சோப்ளாங்கியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுக்கிற வேலை. அறிவிப்பில் ஒரு அறையின் படம் போட்டிருந்தார்கள். திரை, மேஜை, சக்கரம் வைத்த சாய்வு நாற்காலி. அக்கா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி நாற்காலியை மட்டும் பார்த்தாள்.

"இடுப்புக்குத் தனியா ஒரு மெத்தை வச்சிருக்கான் பாருடா" என்றாள்.

ஆன்லைனில் நடந்த சுற்றுகளில் நூற்றுக்கணக்கானவர்கள் கழிந்து, எட்டுப் பேர் மிஞ்சினார்கள். அக்கா அதில் ஒருத்தி. அந்தச் சுற்றுகளில் அவள் உதையை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. மற்ற மிருகங்களை வைத்தே ஜெயித்தாள். தீக்குச்சி வந்தாலும் தீ மட்டும்தான். உதையை அவள் அடித்தது என்னோடு ஆடிய பயிற்சி ஆட்டங்களில் மட்டும். ஆட்டம் முடிந்ததும் அதன் பதிவு இரண்டு பேர் கருவியிலும் தானாகச் சேர்ந்துவிடும். என் கருவியிலும் சேர்ந்திருந்தது.

நான் அப்போது பள்ளியை முடித்துவிட்டு, மேலே சேராமல், வேலையும் தேடாமல் இருந்தேன். வீட்டில் இருந்தால் தையல் மிஷின் சத்தம், வெளியே போனால் எங்கே போவது என்று தெரியாது. என்னோடு படித்தவன் ஒருவன், கண்ணாடி என்று கூப்பிடுவோம், செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருப்பான். மதியம் முழுக்க அங்கேதான் கிடப்பேன். அவனும் அந்த விளையாட்டை ஆடுபவன், இரண்டாவது சுற்றிலேயே கழிந்துபோனவன்.

"உங்கக்கா எட்டுப் பேர்ல வந்தது லக்குடா" என்றான். ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டே சொன்னான், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அந்தத் தீக்குச்சியை நம்பி மேடையேறினா ஆமை வந்து அணைச்சிடும். ஃபூ. முடிஞ்சுது."

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாது, சரி. பெட்டி தூக்குறவங்களுக்குத்தான் தெரியுமா?"

அது என்னைச் சுட்டுவிட்டது. அக்காவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு அதுவரை யாரும் வாய்ப்பே கொடுத்ததில்லை. கருவியை எடுத்துப் பயிற்சி ஆட்டத்தின் பதிவை ஓடவிட்டேன். கல்லாமை நிற்கிறது. தீக்குச்சி பாய்ந்து உதைக்கிறது. ஓடு இரண்டாகப் பிளக்கிறது. கண்ணாடி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"டேய்... உதையா? எவனும் இதை வைக்க மாட்டானேடா. இன்னொரு தடவை போடு. இல்ல, எனக்கு அனுப்பு, நிதானமா பாக்கறேன்."

"யார்கிட்டயும் காட்டக்கூடாது."

"சத்தியமா."

அனுப்பினேன். அந்தச் சாயங்காலம் வீட்டுக்கு நடந்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடி தானாகவே சொன்னான்: "ஒரே ஒருத்தனுக்குத்தான்டா அனுப்பினேன். அவன் அப்படியெல்லாம் பரப்புற ஆள் இல்ல." யார் அந்த ஒருவன் என்று கேட்டால் மழுப்பினான். போட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அன்றைக்கே அக்காவிடம் சொல்லியிருந்தால் அவள் என்னை நாலு அறை அறைந்துவிட்டு, உட்கார்ந்து வேறு திட்டம் போட்டிருப்பாள். நாளைக்குச் சொல்லலாம் என்று ஏழு நாளைக் கழித்தேன்.

போட்டி ஒரு பெரிய கடைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பகல் பதினோரு மணிக்கு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். இரண்டாவது மாடியில் நின்று, கீழே பொருள் வாங்குபவர்களைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் எதையும் பார்க்கவில்லை. மூச்சுக்காகவும் காலுக்காகவும்தான் நின்றாள்.

முதல் சுற்றில் உதையைக் காட்டாமலே ஜெயித்தாள். மிச்சம் நாலு பேர். அடுத்ததில் ஜெயித்தால் கடைசி இரண்டு பேரில் ஒருத்தி. அதாவது நாற்காலி. எதிரே வந்தவன் பல் டாக்டருக்குப் படிக்கிற பையன். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. அக்கா உட்காரும்போது நாற்காலியை இழுத்துக் கொடுத்தான். "உங்க ஆட்டமெல்லாம் பாத்திருக்கேன் அக்கா" என்றான். மரியாதையான பையன். அவன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வரவில்லை.

மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அழுத்த நாற்பத்தைந்து விநாடி. பார்வையாளர்களுக்குப் பெரிய திரை.

முதல் ஆட்டம். அக்காவின் தீக்குச்சி, அவனுடைய கல்லாமை, நேருக்கு நேர். யாருடைய ஆமையாக இருந்தாலும் வந்ததும் முதலில் ஓட்டை இறுக்கிக்கொள்ளும், அடிக்காது. அந்த நேரத்தில் சும்மா தீயை ஒரு வீச்சு வீசி, எல்லோரையும் போலத் தானும் தீக்காரிதான் என்று காட்டிவிட்டுத் தீக்குச்சியை உள்ளே இழுத்துக்கொள்வது அவள் திட்டம். தீயை அழுத்தினாள்.

அவன் ஆமையை உள்ளே இழுத்துப் புகைப்பேயை அனுப்பினான்.

வந்த பேய் தீயில் எரிந்து சாம்பலானது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. தீயைத் தடுக்கத்தான் ஆமையே. அதைப் போய் எடுத்துவிட்டுத் தீயில் எரிகிற பேயை எவனாவது அனுப்புவானா? பின்வரிசையில் ஒருவன், "தம்பி, பல்லுதான் பிடுங்கணும், ஆமையை இல்ல!" என்று கத்தினான். அக்கா அந்த ஆட்டத்தை ஜெயித்தாள்.

கூட்டத்தில் சிரிக்காதவர்கள் இரண்டு பேர். அக்காவும் நானும். தீக்கு எதிராக அந்த மாற்றம் முட்டாள்தனம். உதைக்கு எதிராக அதைவிடச் சிறந்த மாற்றமே கிடையாது. புகைப்பேய்க்கு உடம்பில்லை. உதைத்தால் கால் அதன் ஊடே போய்விடும். அந்த உதை அப்படித் தவறினால் உதைத்த கால்தான் உடையும். தீக்குச்சி தன் உதையாலேயே விழுந்துவிடும்.

இரண்டாவது ஆட்டத்தில் அக்கா தோற்றாள். அவள் மனது அந்த மாற்றத்திலேயே நின்றிருந்தது. பாதி ஆட்டத்தில் தொடையைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

பத்து நிமிஷம் இடைவேளை. அக்கா என்னைச் சுவரோரம் கூப்பிட்டாள். சுவரில் முதுகைச் சாய்த்து, உடம்பின் எடையை வலது காலுக்கு மாற்றி நின்றாள்.

"ஆமையை ஏன்டா எடுத்தான்?"

"தெரியலையே."

"பதட்டத்துல மாத்தி அழுத்தியிருக்கலாம். இல்லன்னா அவனுக்கு உதை தெரியும். ரெண்டுல ஒண்ணு." என் கண்ணையே பார்த்தாள். "நீ யார்கிட்டயாவது காட்டினியா?"

நான் மேடைப் பக்கம் பார்த்தேன்.

"திட்ட மாட்டேன்டா. காட்டியிருந்தா காட்டினேன்னு சொல்லு. எனக்கு அது தெரிஞ்சாப் போதும்."

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "இல்லக்கா" என்று வந்தது.

"நிஜமா?"

"அம்மா மேல சத்தியமா இல்லக்கா."

அவள் தோள் இறங்கியது. நிம்மதியில் இறங்கியது. "அப்போ கைதான் தடுமாறியிருக்கு" என்றாள். என் தலைமுடியைக் கலைத்துவிட்டு மேடைக்குப் போனாள்.

மூன்றாவது ஆட்டம் நீண்டுகொண்டே போனது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் அக்காவிடம் தீக்குச்சி ஒன்றுதான். அவனிடம் களத்தில் கல்லாமை, உள்ளே புகைப்பேய். தீக்குச்சிக்கு வேகம் அதிகம், அதனால் முதல் அடி எப்போதும் அதற்குத்தான். ஆனால் ஒரு அடி வீணானால், ஆமையின் கையால் ஒரே தட்டில் சாகும்.

இதை வாசிப்பவர் இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அவனுக்கு உதை தெரியாது என்றால், ஆமையை எடுக்க அவனுக்குக் காரணமே இல்லை. தீ தன்னை ஒன்றும் செய்யாது என்று அப்படியே நிற்பான். அப்போது உதைக்க வேண்டும். ஆமை உடையும், பிறகு வருகிற பேயை எரிக்கலாம். ஆனால் அவனுக்கு உதை தெரியும் என்றால், அவன் இந்த நொடியில் பேயை அனுப்புவான். அப்போது தீயை வீச வேண்டும். பேய் எரியும், பிறகு ஒளிந்துகொள்ள இடமில்லாத ஆமையை உதைக்கலாம். எப்படியும் ஜெயிக்கலாம். அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது மட்டும் தெரிய வேண்டும்.

அது தெரிந்திருந்தவன் நான், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தைந்து விநாடி ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து கத்தியிருந்தால் ஆட்டத்தை ரத்து செய்திருப்பார்கள் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அப்படி எதுவும் யோசிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒரு முறை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். தைரியம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

உதையை அழுத்தினாள்.

திரையில் ஆமை உள்ளே போனது. புகை வந்தது. தீக்குச்சி பாய்ந்து புகைக்குள் புகுந்து அந்தப் பக்கம் விழுந்தது. அதன் தலை நெருப்பு அணைந்தது. பின்வரிசைக்காரன் இந்தத் தடவை எதுவும் கத்தவில்லை.

வெள்ளைச் சட்டைப் பையன் எழுந்து கை கொடுத்தான். அக்காவும் கொடுத்தாள். படியில் இறங்கும்போது, "ரெண்டு தடவையும் அதே மாத்தம். அவனுக்குத் தெரிஞ்சிருக்குடா" என்றாள். என்னைக் கேட்கவில்லை. யாரோ ஆன்லைனில் ஊகித்திருப்பார்கள் என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். நான் அவள் பையை வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு என்னால் செய்ய முடிந்த உதவி அது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அக்கா பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஐந்து வாரம் போனாள். ஆறாவது வாரம், அன்லோடிங்கில் ஒரு பெட்டியைக் குனிந்து எடுத்தவள் நிமிரவில்லை. அப்படியே பெட்டியின் மேல் சாய்ந்தாளாம். பெல்ட் நிற்கக் கூடாது என்று ஸ்கேனிங்காரரை அங்கே ஓடச் சொன்னார்களாம். அவர் போகவில்லை. தன் ஸ்டூலைக் கொண்டுவந்து அக்காவை அதில் உட்கார வைக்கப் பார்த்திருக்கிறார். அவளால் உட்காரவும் முடியவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. வலி குறைந்தது. இடது பாதம் மட்டும் திரும்ப வரவில்லை. தூக்கச் சொன்னால் தூங்குகிற மாதிரிக் கிடக்கிறது. துணிகளுக்கு அடியிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்த அம்மா, அதில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். நெடுநேரம் தைக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

அக்கா வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் மத்தியானம் அவளிடம் சொன்னேன். அம்மா உறைகளைக் கொடுக்கப் போயிருந்தாள். அக்கா மரப்பலகையில் மல்லாந்து படுத்திருந்தாள். கண்ணாடியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மேலே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இடைவேளைல கேட்டேன்ல?"

"ம்."

"அப்பவும் உனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

அவள் கையைத் தூக்கினாள். அறைவாள் என்று நினைத்தேன், அறைய வேண்டும் என்றும் நினைத்தேன். அவள் காற்றில் கருவியைப் பிடிப்பது போலப் பிடித்து, கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினாள்.

"தீ. அப்புறம் உதை" என்றாள். "ரெண்டே அழுத்து."

பிறகு, "நீ அனுப்பினது எனக்கு நல்லதாத்தான் இருந்திருக்கும்டா. அவனுக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா அவன் செத்தான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கின் விடையைப் படிப்பது போலச் சொன்னாள். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்ப அவளால் முடியாது, முதுகு விடாது. அதனால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தேவைக்கு மட்டும் என்னிடம் பேசினாள். தண்ணி. தலையணை. ஜன்னலைச் சாத்து. சுவரில் கை எட்டிய லேபிள்களை ஒவ்வொன்றாகக் கிழித்துவிட்டாள். எட்டாதவை இன்னும் இருக்கின்றன.

நான் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பம்பரத்தோட தம்பியா? அப்போ எங்க வேணா நிப்பே" என்று சொல்லிப் பச்சை ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். மறுக்கவில்லை. ஸ்கேனிங்காரர் சாப்பிடப் போகும்போது ஸ்டூலைத் தூக்கியவர், என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு அதை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். நான் உட்காரவில்லை.

நேற்று முழு ஷிஃப்டும் என்னை அன்லோடிங்கில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றக் கையைத் தூக்கியபோது என்னை அறியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பலகையிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, தேவை இல்லாத ஒன்றை என்னிடம் கேட்டாள்.

"வலிக்குதா?"

அம்மா மிஷினை நிறுத்தினாள். இல்லக்கா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வலிக்குது" என்றேன்.

அக்கா, "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"இடது பக்கம்க்கா."